சைக்கிள் செயினுக்கு எண்ணெயா, மெழுகா?

மோட்டார் சைக்கிளும் மொபெட்டும் ஊருக்கு ஊர் பெருகிவிட்ட போதிலும், கடலூர், சிதம்பரம் பகுதிகளில் வயலுக்குப் போகவும், பால் கூட்டுறவு சங்கத்திற்குப் பால் கொண்டு போகவும், ஒரு மூட்டை உரத்தைக் கேரியரில் வைத்துக் கொண்டுவரவும் சைக்கிளையே நம்பியிருக்கும் சிறு விவசாயிகள் பலர். மேல்நிலைப் பள்ளியில் அரசு வழங்கும் விலையில்லா சைக்கிள், பிள்ளையின் படிப்பு முடிந்ததும் தகப்பனாரின் வயல் வண்டியாகிவிடுவதையும் காண்கிறோம்.

இந்த வண்டியில் டயர், டியூபுக்கு அடுத்தபடியாக அடிக்கடி செலவு வைப்பது செயின். செயின் மட்டும் தேய்ந்தால் ஒரு செயின் விலையோடு போயிற்று. ஆனால் தேய்ந்த செயின் முன்னால் உள்ள பல்சக்கரத்தையும் பின்னால் உள்ள பிரீவீலையும் சேர்த்தே தேய்த்துவிடும்; பிறகு மூன்றையும் ஒன்றாக மாற்ற வேண்டிவரும். செலவைக் காட்டிலும் ஆபத்து பெரிது. மூட்டை ஏற்றிய வண்டியை வாய்க்கால் மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது செயின் நழுவினால், மிதித்தவர் வண்டியோடு சாய்வார். மூட்டை அவர் மேல் சாயும்.

செயின் சத்தம் போட்டால் எண்ணெய் விடுவது நம் வழக்கம். பம்பு செட்டிலோ டிராக்டரிலோ வடித்த கறுப்பு எண்ணெயை ஊற்றுவோரும் உண்டு. நமது பகுதியின் மண்ணையும் சாலையையும் பார்க்கும்போது, ஆண்டில் ஏழெட்டு மாதங்களுக்கு எண்ணெயைவிட மெழுகே செயினுக்கு ஏற்றது. எஞ்சிய மழை மாதங்களில் மெழுகு உதவாது. இரண்டுக்கும் காரணம் என்ன, மெழுகை எப்படி ஏற்றுவது என்பவற்றை இங்குக் காண்போம்.

செயின் எங்கே தேய்கிறது?

செயினின் ஒரு கண்ணியைக் கையில் எடுத்துப் பாருங்கள். இருபுறமும் தகடுகள், அவற்றை இணைக்கும் ஓர் ஊசி, ஊசியைச் சுற்றி ஒரு சிறு குழாய், குழாயின் மேல் சுழலும் உருளை. ஊசிக்கு ஊசி அரை அங்குலம். இந்த அமைப்புக்கு 1880 ஆம் ஆண்டு மான்செஸ்டர் நகரில் காப்புரிமை பெற்றவர் ஹான்ஸ் ரெனால்டு என்ற பொறியாளர். அன்று முதல் இன்று வரை அடிப்படை மாறவில்லை.

செயின் பல்சக்கரத்தில் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் ஊசி தன் குழாய்க்குள் சற்றே திரும்புகிறது. உண்மையான உராய்வு அங்கேதான். செயின் ‘நீண்டுவிட்டது’ என்று சைக்கிள் கடைக்காரர் சொல்வது தகடு இழுபட்டு நீண்டதை அன்று. ஊசியும் குழாயும் தேய்ந்து ஒவ்வொரு கண்ணியிலும் மயிரிழை இடைவெளி விழுந்து, நூற்றுக்கு மேற்பட்ட கண்ணிகளில் அது கூடிப்போனதையே. ஆகவே மசகு வேண்டியது ஊசிக்கும் குழாய்க்கும் இடையே. வெளித்தகட்டின் மேல் மினுமினுக்கும் எண்ணெயால் தேய்மானம் குறைவதில்லை. துரு பிடிக்காமலிருக்க மட்டும் அது உதவும்.

எண்ணெயும் மண்ணும் சேர்ந்தால்

பண்ருட்டிப் பக்கம் செம்மண். கடலூரிலிருந்து பரங்கிப்பேட்டை, கிள்ளை வரை கரையோரம் மணல். புவனகிரி, சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம் களிமண்; அது மழையில் சேறு, கோடையில் மாவுபோன்ற புழுதி. மூன்றும் எண்ணெய்ச் செயினில் ஒட்டும். மணலின் பெரும்பகுதி குவார்ட்சு என்னும் கனிமம். சாதாரண இரும்பைக் கீறும் அளவுக்கு அது கடினமானது. எண்ணெயில் குழைந்த மணலும் புழுதியும் செயினுக்குள் சாணை பிடிக்கும் பசையாகவே வேலை செய்கின்றன. மேலும் மேலும் எண்ணெய் விடும்போது, வெளியில் ஒட்டியிருந்த அழுக்கைக் கழுவி உள்ளே ஊசி வரை கொண்டுபோய்ச் சேர்க்கிறோம். சத்தம் அடங்கும், அரைப்பு அடங்காது.

நெல் விவசாயி இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சம்பா அறுவடை முடிந்து தை, மாசியில் நெல்லைச் சாலையில் காயவைக்கும் காலத்தில், சாலையெங்கும் உமித்தூளும் வைக்கோல் தூசும் பறக்கும். நெற்பயிர் மண்ணிலிருந்து சிலிக்காவை மிகுதியாக எடுத்துக்கொள்ளும் பயிர் என்பதை அறிவீர்கள். உமியை எரித்தால் கிடைக்கும் சாம்பலில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு சிலிக்காவே. வைக்கோல் கையைக் கீறுவதும் இதனால்தான். மெத்தென்று தோன்றும் அந்தத் தூசும் எண்ணெய்ச் செயினுக்கு மணலுக்கு இளைத்ததன்று.

எஞ்சினில் வடித்த கறுப்பு எண்ணெயைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அதில் ஏற்கெனவே எஞ்சின் தேய்ந்த உலோகத் துகளும் கரியும் அமிலமும் இருக்கின்றன. தேய்மானத்தைக் குறைக்கத் தேய்மானத்தின் கழிவையே ஊற்றுவது என்ன கணக்கு? அடிக்கடி தோலில் படுவதும் நல்லதன்று. தோல் புற்றுநோய்க்கு இடந்தரும் பொருள்கள் அதில் உண்டு. நல்லெண்ணெய், விளக்கெண்ணெய் முதலியவையும் வேண்டாம். அவை நாளடைவில் காற்றுப்பட்டுப் பிசினாகிக் கண்ணிகளை இறுக்கும்.

மெழுகு என்ன செய்கிறது?

உருகிய மெழுகு நீர்போல் ஓடி ஊசிக்கும் குழாய்க்கும் இடையே நுழைகிறது. ஆறியதும் அங்கேயே கெட்டியாகித் தங்குகிறது. தொட்டால் கையில் ஒட்டாத உலர்ந்த பொருளாதலால் புழுதி அதில் பதிவதில்லை. படிந்த தூசும் வண்டி ஓடும்போதே மெழுகுச் செதிலோடு உதிர்ந்துவிடுகிறது. வேட்டியில் கறை படியாது என்பது கூடுதல் நன்மை.

மெழுகு போட்டால் மிதிப்பது பாதியாகக் குறையும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 1999 ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸ்பைசர் என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும் சைக்கிள் செயின்களைச் சோதித்தனர். நல்ல நிலையில் செயின் நாம் கொடுக்கும் ஆற்றலில் 98.6 விழுக்காடு வரை பின்சக்கரத்திற்குக் கொண்டு சேர்த்தது. ஆய்வுக்கூடத்தின் தூய்மையான சூழலில் எண்ணெய், மெழுகு கலந்த மசகு, உலர் மசகு ஆகிய மூன்றுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. மசகின் முக்கிய வேலை, கண்ணிக்குள் இருக்கும் இடத்தை அடைத்துக்கொண்டு அழுக்கை உள்ளே விடாமல் தடுப்பதே என்று ஸ்பைசர் கருதினார். புழுதிச் சாலையில் ஓடும் நம் வண்டிக்குப் பொருத்தமான கருத்து இது. மெழுகின் ஆதாயம் செயினின் ஆயுளில்தான் கிடைக்கிறது. வெளிநாடுகளில் பந்தய வீரர்கள் பலர் இன்று செயினை மெழுகில் தோய்த்தே ஓட்டுகின்றனர். அவர்களுக்கு நொடிக் கணக்கு, நமக்கு ரூபாய்க் கணக்கு.

எந்த மெழுகு?

வேண்டியது பாரபின் மெழுகு. கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது கிடைப்பது; சென்னை மணலியில் உள்ள சுத்திகரிப்பு ஆலையிலும் இது தயாராகிறது. சிவகாசிப் பக்கம் தீக்குச்சிகள் நன்றாகப் பற்றி எரிவதற்காகத் தோய்க்கப்படுவதும் இதில்தான். மெழுகுவர்த்திச் சாமான்கள் விற்கும் கடைகளில் கட்டியாகக் கிடைக்கும். 58 முதல் 60 டிகிரி சென்டிகிரேடில் உருகும் ரகமாகக் கேட்டு வாங்குங்கள். அதற்கும் குறைவான வெப்பத்தில் உருகுவது கத்திரி வெயிலில் நிறுத்திய வண்டியில் இளகிவிடும். அரை கிலோ இருந்தால் ஒரு வீட்டுச் சைக்கிளுக்குப் பல மாதங்களுக்குப் போதும். கட்டி மெழுகு கிடைக்காவிட்டால் வெள்ளை மெழுகுவர்த்திகளை உடைத்துத் திரியை நீக்கிப் பயன்படுத்தலாம். சாயமும் மணமும் சேர்த்தவை கூடாது.

தேனீ வளர்ப்போர் தங்களிடம் உள்ள தேன்மெழுகைப் போடலாமா என்று கேட்கக்கூடும். தேன்மெழுகு ஒட்டுந்தன்மை உடையது. தனியாகப் போட்டால் எண்ணெய்போலவே தூசியைப் பிடிக்கும். அதற்கு வேறு நல்ல விலை இருக்கிறது.

முதலில் கழுவுதல்

இந்த முறையில் வெற்றியும் தோல்வியும் கழுவுவதில் இருக்கின்றன. எண்ணெய்ப் பசை சிறிதேனும் இருந்தால் மெழுகு இரும்பைப் பற்றாது. இரண்டு நாளில் உதிர்ந்துபோகும். அழுக்கு உள்ளே இருக்கும்போது தோய்த்தால் மெழுகு அதை உள்ளேயே வைத்துப் பூட்டிவிடும். மெழுகு போட்டுப் பார்த்துப் பயனில்லை என்று கைவிடுகிறவர்கள் பெரும்பாலும் இங்கே அவசரப்பட்டவர்களே.

செயின் லாக்கைக் கழற்றி, செயினை வண்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். அகன்ற தகர டப்பாவில் டீசலையோ மண்ணெண்ணெயையோ ஊற்றிச் செயினை ஓர் இரவு ஊறவிடுங்கள். காலையில் பழைய பல் துலக்கும் பிரஷால் ஒவ்வொரு கண்ணியையும் தேய்த்து, மூடியிட்ட டப்பாவில் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். கறுப்பாக வரும் டீசலை மாற்றி, மறுபடியும் குலுக்க வேண்டும். தெளிவாக வரும் வரை, மூன்று நான்கு முறையானாலும் சலிப்படையக் கூடாது. புதுச் செயினுக்கும் இது உண்டு. தொழிற்சாலையில் தடவும் பசை எளிதில் போகாது.

டீசலும் மண்ணெண்ணெயும் தாமே ஒரு பசையை விட்டுச் செல்பவை. எனவே அடுத்ததாக, சலவைத்தூள் தாராளமாகக் கலந்த கொதிநீரில் செயினைப் போட்டு அலசி, பிறகு வெறும் வெந்நீரில் இருமுறை அலசுங்கள். உடனே துணியால் துடைத்து, நல்ல வெயிலில் தகரத்தின் மேல் பரப்பி இரண்டு மூன்று மணி நேரம் புரட்டிப் புரட்டிக் காயவிடுங்கள். ஈரம் உள்ளே தங்கினால் மெழுகுக்கு அடியில் துரு பிடிக்கும். நன்றாகக் காய்ந்த செயின் கையில் வழவழப்பின்றி, மணலைத் தொடுவதுபோல் கரகரவென்று ஒலிக்கும். அதுதான் அடையாளம்.

பெட்ரோலில் கழுவினால் விரைவில் முடியும் என்பது உண்மையே. அடுத்த வேலை அடுப்பருகில் இருப்பதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கழுவிய டீசலை வாய்க்காலிலோ வரப்பிலோ கொட்டாதீர்கள். டப்பாவை மூடி வைத்தால் அழுக்கு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை அடுத்த முறைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

அதே வேளையில் பல்சக்கரத்தையும் பிரீவீலின் பற்களையும் டீசல் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள். பிரீவீலின் உள்ளே டீசல் இறங்கக் கூடாது. அதற்கும் பெடல் அச்சு, சக்கர அச்சுகளுக்கும் வழக்கமான எண்ணெயும் கிரீசுமே வேண்டும். மெழுகு செயினுக்கு மட்டும்.

மெழுகில் தோய்த்தல்

மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்காதீர்கள். அளவுக்கு மேல் சூடேறிய மெழுகு எண்ணெய்போலத் தீப்பற்றும். பால் பவுடர் டப்பா போன்ற தகர டப்பாவில் மெழுகைப் போட்டு, அந்த டப்பாவை நீருள்ள வேறொரு பாத்திரத்தினுள் இறக்கி, இளந்தீயில் சூடாக்குங்கள். வெளிப் பாத்திரத்தில் நீர் இருக்கும் வரை மெழுகு 100 டிகிரியைத் தாண்டாது. நீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தப்பித்தவறித் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. எரியும் மெழுகு வெடித்துச் சிதறும். டப்பாவை மூடக்கூடிய ஒரு தட்டும் ஒரு முறம் உலர்ந்த மணலும் பக்கத்தில் இருக்கட்டும். குழந்தைகளை அப்பால் அனுப்பிவிட்டுத் தொடங்குங்கள். சமையல் பாத்திரத்தை இதற்குத் தொடக் கூடாது.

செயினைச் சுருட்டி ஒரு கம்பியில் கோத்து, முழுதும் உருகிய மெழுகில் இறக்குங்கள். குளிர்ந்த செயினின் மேல் மெழுகு முதலில் வெள்ளையாக உறையும்; செயின் சூடேறியதும் அது மறுபடியும் உருகி உள்ளே நுழையத் தொடங்கும். அப்போது கண்ணிகளுக்குள்ளிருந்து காற்றுக் குமிழிகள் எழும். கம்பியைப் பிடித்து அவ்வப்போது ஆட்டிவிடுங்கள். 10 முதல் 15 நிமிடங்களில் குமிழிகள் நின்றுவிடும். பிறகு டப்பாவை அடுப்பிலிருந்து இறக்கிச் சற்று ஆறவிடுங்கள். மெழுகின் மேல் ஆடைபோல் மெல்லிய படலம் தோன்றும் தறுவாயில் செயினைத் தூக்கினால் உள்ளே கூடுதலாக மெழுகு நிற்கும். கொதிக்கும் சூட்டில் தூக்கினால் பெரும்பகுதி வழிந்தோடிவிடும்.

ஓர் ஆணியில் தொங்கவிட்டு ஆறவிடுங்கள். ஆறிய செயின் கம்பிபோல் விறைத்திருக்கும். கெட்டுவிட்டதோ என்று அஞ்ச வேண்டாம். ஒரு மூங்கில் கழியின் மேல் வளைத்து முன்னும் பின்னும் இழுத்தால் கண்ணிகள் ஒவ்வொன்றாக விடுபடும்.

மாட்டும்போது செயின் லாக்கில் ஒரு கவனம். லாக்கின் கவைபோல் பிளந்த முனை பின்னோக்கியும், மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கியும் இருக்க வேண்டும். செயினின் மேல்பகுதி முன்பக்கம் நோக்கி ஓடுவதால், லாக் மேலே இருக்கும்போது மூடிய முனை முன்சக்கரத்தைப் பார்க்க வேண்டும். மாற்றிப் போட்டால் எதிலாவது உரசி வழியில் கழன்றுவிடும். செயினின் நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குல அளவுக்குத் தொய்வு இருக்கும்படி பின்சக்கரத்தை நகர்த்தி முடுக்குங்கள். முதல் ஐந்தாறு கிலோமீட்டர் வரை மெழுகுச் செதில் உதிரும்; பிறகு நின்றுவிடும்.

எத்தனை நாள் தாங்கும்?

உலர்ந்த சாலையில் சுமார் 300 கிலோமீட்டர். நாளுக்கு 10 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு மாதம் ஒரு தோய்ப்பு என்று கொள்ளலாம். செயின் கிரீச்சிடத் தொடங்கினால் மெழுகு தீர்ந்தது என்று பொருள். அதன் மேல் ‘இரண்டு சொட்டு எண்ணெய்’ விட்டால் பட்ட பாடெல்லாம் வீண். மறு தோய்ப்புக்கு டீசல் கழுவல் தேவையில்லை என்பதே இந்த முறையின் சிறப்பு. கொதிநீரை ஊற்றிப் பழைய மெழுகையும் தூசியையும் கரைத்து, காயவைத்துத் தோய்த்தால் போதும். முதல் முறைதான் ஒரு நாள் வேலை. டப்பா மெழுகு ஏழெட்டு முறைக்குப்பின் சாம்பல் நிறமாகிவிடும், அப்போது மாற்றிவிடுங்கள்.

யாருக்கு இது பொருந்தாது?

செயினை முழுதும் மூடும் உறை உள்ள பழைய மாதிரி வண்டி வைத்திருப்போர் மெழுகைத் தேடிப் போக வேண்டியதில்லை. உறைக்குள் புழுதி எளிதில் நுழையாது, எண்ணெயே போதும். உறை நசுங்கி உரசுகிறதென்று கழற்றி எறிபவர்கள் செயினின் குடையை எறிகிறார்கள்.

மீன் கூடை ஏற்றுவோருக்கும் மெழுகு ஆகாது. கேரியரிலிருந்து சொட்டும் உப்பு நீர் நேராகப் பிரீவீலிலும் செயினிலும் விழுகிறது. அவர்களுக்குப் பெரும்பகை துரு. மெழுகு செயினின் உள்ளே நன்றாகக் காக்கும்; வெளித்தகட்டில் எளிதில் உதிர்ந்துவிடுவதால் துருவைத் தடுப்பதில் எண்ணெய்க்கு ஈடாகாது. உர மூட்டை ஏற்றும் விவசாயியும் இதைக் கவனிக்க வேண்டும். பொட்டாஷ் உரம் உப்பு வகை. சிந்திய தூள் காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். மூட்டையை இறக்கிய அன்றே உலர்ந்த துணியால் செயினைத் துடைத்துவிடுவது நல்லது.

மோட்டார் சைக்கிள் செயினைத் தோய்க்கக் கூடாது. பல வண்டிகளின் செயினில் ரப்பர் வளையங்கள் உண்டு. கழுவலும் சூடும் அவற்றைக் கெடுக்கும். விதைக்கும் கருவி, கதிரடிக்கும் இயந்திரம் ஆகியவற்றின் செயின்களுக்கும் தயாரிப்பாளர் சொல்லும் மசகையே இடுங்கள்.

அளந்து பார்த்தல்

ஏற்கெனவே தேய்ந்துபோன செயினைக் கழுவித் தோய்ப்பது வீண் வேலை. ஆகவே தொடங்குமுன் பிள்ளைகளின் ஓர் அடி அளவுகோலை எடுத்துக்கொள்ளுங்கள். செயினை இழுத்துப் பிடித்து, ஓர் ஊசியின் நடுவில் அளவுகோலின் தொடக்கக் கோட்டை வையுங்கள். புதுச் செயினில் அதிலிருந்து 24 ஆவது ஊசியின் நடுப்புள்ளி சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். அரைக்கால் அங்குலம் தாண்டி நின்றால் செயினை மாற்றிவிட வேண்டும். பல்சக்கரத்தின் பற்கள் கொக்கிபோல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அதையும் மாற்றாமல் புதுச் செயின் போடுவதில் பயனில்லை; சில மாதங்களில் அதுவும் தேய்ந்துவிடும். ஆண்டுக்கு இருமுறை இப்படி அளந்து வருபவர் செயினை மட்டும் மாற்றிப் பற்களைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

மழைக் காலத்தில்

கடலூர் மாவட்டத்தின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில் பெய்வது. ஐப்பசி தொடங்கியதும் மெழுகை நிறுத்தி எண்ணெய்க்கு மாறிவிடுங்கள். இதற்குக் கழுவ வேண்டியதில்லை. மெழுகின் மேலேயே விடலாம். பம்பு செட்டுக்கு வாங்கும் புதிய எஞ்சின் எண்ணெய் போதும். ஒவ்வோர் உருளையின் மேலும் ஒரு சொட்டு வீதம் விட்டு, பெடலைப் பின்னோக்கி இருபது சுற்று சுற்றி, பத்து நிமிடம் கழித்து வெளியில் உள்ளதைத் துணியால் துடைத்தெடுங்கள். துடைப்பதை யாரும் செய்வதில்லை. சேறு ஒட்டுவது அதனால்தான்.

2015 ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் வந்ததுபோலவும், 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயலை அடுத்து வந்ததுபோலவும் வெள்ளம் வீட்டுக்குள் புகுந்து சைக்கிள் நீரில் நின்றுவிட்டால், தண்ணீர் வடிந்த அன்றே செயினைக் கழற்றி நல்ல நீரில் அலசித் துடைத்து எண்ணெயில் மூழ்க வையுங்கள். இரண்டு நாள் தள்ளினால் கண்ணிகள் துருவில் இறுகிவிடும். பிரீவீலையும் சக்கர அச்சுகளையும் கடையில் பிரித்துப் புது கிரீஸ் வைத்துக்கொள்ள வேண்டும்.

தை பிறந்து, சாலையோரத் தண்ணீர் வற்றிப் புழுதி கிளம்பத் தொடங்கும்போது செயினை அளந்து பாருங்கள். அளவு சரியாக இருந்தால் மறுபடியும் டீசல் கழுவலிலிருந்து தொடங்கலாம்.